கூரையை இறக்கிவிட்டுச் சுவரை இடியுங்கள்

ரயில் நிலையங்கள் புதுக்கோலம் பூணும் காலம் இது. அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுவதும் 1,300க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் அடிக்கல் நாட்டப்பட்ட 508 நிலையங்களில் தமிழ்நாட்டுக்குப் பதினெட்டு. சேலம், கரூர், திருப்பூர் மூன்றும் அவற்றில் அடக்கம். அகலமான நடைமேடை, மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, வாகன நிறுத்தம் எல்லாம் வரட்டும், தேவைதான். ஆனால், அவற்றுக்கு இடம்விட்டு அகலும் பழைய குடியிருப்புகளையும் சரக்குக் கொட்டகைகளையும் அலுவலகங்களையும் எப்படி அகற்றுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. பொக்லைன் வருகிறது, சுவரைத் தள்ளுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கூரையைத் தாங்கிய தேக்கு உத்திரம் நடுவில் முறிந்து செங்கல் குவியலுக்குள் விழுகிறது. அந்த மரம் பொதுச்சொத்து. அதை முறிக்காமல் இறக்கி, எண்ணி, அளந்து, மறுபடி வேலைக்கு அனுப்ப முடியும்; அனுப்பியாக வேண்டும்.

நம் திருச்செங்கோட்டுக்கு ரயில் பாதை இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சங்ககிரி துர்க்கும், ஆனங்கூரும், இன்னும் சற்றுத் தள்ளி ஈரோடும்தான் நமக்கு ரயிலடி. ஆனாலும் இந்த விஷயத்தில் நமக்குப் பங்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதே மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை 1861இல் சேலத்தைத் தொட்டு, சங்ககிரி வழியாகக் காவிரியைத் தாண்டி, 1862இல் போத்தனூரை எட்டியது. வீரபாண்டி ரோடு, மகுடஞ்சாவடி, மாவேலிப்பாளையம், சங்ககிரி, ஆனங்கூர், காவிரி என்று நாம் வரிசையாகச் சொல்லும் நிலையங்கள் நாட்டின் மிகப் பழைய பாதைகளில் ஒன்றின் மேல் இருக்கின்றன. 2007இல் சேலம் கோட்டம் தனியாக உருவானபின், இந்தக் கட்டடங்களைப் பற்றிய கோப்புகள் நம் பக்கத்து ஊரிலேயே கையெழுத்தாகின்றன. கேள்வி கேட்க நாம் சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை.

எந்தக் காட்டின் மரம் இது

ரயில் இரும்பால் ஆனது என்று நினைக்கிறோம். முதல் ஐம்பது ஆண்டுகளில் அது இரும்பைவிட அதிகமாக மரத்தைத் தின்றது. தண்டவாளத்துக்கு அடியில் சிலிப்பர் கட்டை, இன்ஜினுக்கு விறகு, பெட்டிக்குச் சட்டமும் பலகையும், நிலையத்துக்கு உத்திரமும் கதவு நிலையும் என எல்லாமே மரம். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற ஹியூ கிளெகார்ன் காலத்துக் கணக்குப்படி, இந்த மாகாணத்தின் ரயில் பாதைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் சிலிப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. அதற்கு 35,000 மரங்கள் சாய வேண்டியிருந்தது. வடஆர்க்காட்டு மலைகள் மொட்டையானதற்கு ரயில்வேயின் தேவை ஒரு காரணம் என்பது அக்காலத்திலேயே பதிவாகிவிட்ட செய்தி. 1882இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்ததற்குப் பின்னணியிலும் இந்தத் தட்டுப்பாட்டுப் பயம் இருந்தது.

ஆகவே ஒரு பழைய ரயில்வே கட்டடத்தின் கூரையில் கிடக்கும் தேக்கு என்பது, இன்று இல்லாத ஒரு காட்டிலிருந்து வந்தது. அது நம் மேற்கு மலைத்தேக்காகவும் இருக்கலாம், கப்பலில் வந்த பர்மா தேக்காகவும் இருக்கலாம். இரண்டும் இனி எளிதில் கிடைக்காதவை. 1996 டிசம்பர் 12இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தமிழ்நாட்டின் வனப்பகுதிகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வெட்டுவதைத் தடுத்தது. அதே உத்தரவில், எவ்வளவு மரம் பயன்படுத்துகிறீர்கள், எங்கிருந்து வாங்குகிறீர்கள், மாற்று என்ன என்று ரயில்வே வாரியத்திடமும் நீதிமன்றம் கணக்குக் கேட்டது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று நம் ஊர் அறுவை மில்லில் இறங்கும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டப்பயிராக நட்டு, இருபது வயதுக்கு முன்பின்னாக வெட்டியது. வளையங்கள் அகன்று, வெளிறு மிகுந்து, வைரம் பாயாத இளமரம் அது. பழைய கட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்குள் நெருக்கமாக அடுக்கிய வளையங்கள் தெரியும். ஆசாரிகள் அதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

உடைந்தால் விறகு, இறக்கினால் உத்திரம்

சிமென்ட் கான்கிரீட் வருவதற்கு முந்தைய கட்டடங்களில் இரண்டு வகைக் கூரைகள் உண்டு. ஒன்று ஓட்டுக்கூரை: கைமரம், ரீப்பர், அதன்மேல் மங்களூர் ஓடு. மற்றொன்று மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மச்சுக்கூரை: ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டையைச் சுவருக்குச் சுவர் போட்டு, அதன்மேல் சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி மூலைவாட்டாக அடுக்கி, சுண்ணாம்பால் இறுக்கியது. இந்த இரண்டாவது வகையில் மரம் அதிகம். 12 அடி நீளம், 6 அங்குல உயரம், 4 அங்குல அகலம் உள்ள ஒரு கட்டை சரியாக 2 கன அடி. முப்பது அடி நீளமுள்ள ஓர் அறைக்கு இப்படி இருபது கட்டைகள் என்று வைத்துக்கொண்டால் 40 கன அடி. கதவு நிலைகள், சன்னல் சட்டங்கள் இதில் சேராது. புதுத்தேக்கு ஒரு கன அடி என்ன விலை என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

இதே நாற்பது கன அடியை விறகாக நிறுத்தால் முக்கால் டன்கூடத் தேறாது. இடிப்பில் நடப்பது இந்த மாற்றம்தான். இயந்திரத்தின் வாளி சுவரின் தலையை இழுக்கும்போது, ஒருபக்கப் பிடிமானம் போன கட்டை, தன்மேல் இருக்கும் சுண்ணாம்புத் தளத்தின் எடையோடு சேர்ந்து விழுகிறது. முறிகிறது, அல்லது நீளவாக்கில் பிளக்கிறது. முறிந்த மரத்துக்கு நம் வட்டாரத்தில் இடம் தயாராக இருக்கிறது. பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் விறகு எரிக்கும் பாய்லர்கள் உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை அவற்றுக்கு விறகு போய்க்கொண்டே இருக்கிறது. மூன்றடித் துண்டாக வரும் பழந்தேக்கை அங்கே யாரும் தேக்கு என்று பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

பழைய மரத்தில் கரையான் இருக்கும், இற்றுப்போயிருக்கும், எதற்கும் ஆகாது என்று சொல்லப்படுவதைச் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். உத்திரத்தில் முதலில் கெடுவது சுவருக்குள் செருகியிருக்கும் நுனி. மழைநீர் சுவரில் இறங்கும்போது அங்கேதான் ஈரம் தங்குகிறது. பெரும்பாலும் இரு நுனியிலும் ஓரடி அறுத்துவிட்டால் நடுவில் இருக்கும் பத்தடி நல்ல மரம். சுத்தியலால் தட்டினால் கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் இருந்தால் மெல்லிய துளை போட்டு, வரும் தூளைப் பார்க்கலாம். எல்லாக் கட்டடத்திலும் நல்ல மரம் இருக்கும் என்று சொல்ல முடியாதுதான். ரயில்வே தன் பழைய தண்டவாளங்களையே பல இடங்களில் உத்திரமாகப் போட்டிருக்கிறது. அதனால்தான் இடிக்கும் முன் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

அந்தத் தண்டவாள உத்திரங்கள் இன்னொன்றையும் நினைவூட்டுகின்றன. மறுபயன்பாடு ரயில்வேக்குப் புதிய பாடமே இல்லை. தேய்ந்த தண்டவாளம் வேலிக்காலாக, விளக்குக் கம்பமாக, கூரைத் தாங்கியாக மாறியது. இரும்பு விஷயத்தில் இன்றும் அந்த ஒழுங்கு குலையவில்லை. துண்டு இரும்பும் நிறுக்கப்படுகிறது, இணையவழி ஏலத்துக்கு வருகிறது; ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு மரமும் ரயில்வே சொத்துதான். ஆனால், கட்டடம் இடிபடும்போது மட்டும் மரம் ‘இடிபாடு’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறது. பல இடிப்பு ஒப்பந்தங்களில், கிடைக்கும் பழைய பொருட்களுக்கு மொத்தமாக ஒரு மதிப்புப் போட்டுக் கழித்துக்கொண்டு, மீதி ஒப்பந்ததாரர் பாடு என்று விட்டுவிடுவதுதான் பொதுப்பணிகளில் வழக்கம். மொத்தமாகப் போட்ட மதிப்பில் மரத்தின் பங்கு எவ்வளவு என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

விதிகளும் உதவவில்லை. 2016ஆம் ஆண்டின் கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், பெரிய அளவில் கழிவு உண்டாக்குவோர் அதை நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும் என்றன. அதில் இரும்பு, மரம், பிளாஸ்டிக் மூன்றும் ஒரே வகை. நூற்றாண்டுத் தேக்கும் உடைந்த பிளாஸ்டிக் குழாயும் ஒரே குவியலில் சேர்ந்தாலும் விதி மீறப்படவில்லை என்றே ஆனது. 2025இல் அறிவிக்கப்பட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறிக்கப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களைத்தான் முதன்மையாகக் குறிவைக்கின்றன. ஒரு சிறு நிலையத்தின் சரக்குக் கொட்டகையும் நான்கு குடியிருப்புகளும் அந்த வலையில் ஒருபோதும் சிக்கப்போவதில்லை.

நேரமும் பணமும்

எந்த அதிகாரியும் முதலில் சொல்லும் தடை நேரம். ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, பயணிகள் நடமாடுகிறார்கள், திட்டத்துக்குக் கெடு இருக்கிறது. கையால் பிரித்துக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். நியாயமான கவலை. ஆனால், கட்டடத்தை மேலிருந்து கீழாக, முறையாகப் பிரித்து இறக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 4130ஆம் எண் பாதுகாப்பு நெறியே சொல்கிறது. கண்ணாடி, கதவு, சன்னல்களை முதலில் அகற்றுவதும் அதில் அடக்கம். ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், நிலை, பிறகு சுவர் என்ற வரிசை மரத்தைக் காப்பாற்றுவதற்காக மட்டும் வகுத்தது இல்லை. கீழே நிற்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றவும் அதுதான் வழி. ஓடும் பாதைக்குப் பக்கத்தில் சுவரோடு கூரையைச் சாய்ப்பது எப்படியும் கூடாது. எனவே, மரத்துக்காகத் தனியாகச் செலவாகும் நேரம், கட்டையைச் சங்கிலிக் கப்பியில் மெதுவாக இறக்கி ஓரமாக அடுக்கும் நேரம்தான். கட்டடம் காலியாகி, இடிக்கும் உத்தரவு வரும்வரை அது பூட்டிக் கிடக்கும் மாதங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை.

செலவு கூடும் என்பதும் உண்மை. கடப்பாரையும் ஆணி பிடுங்கியும் வைத்துக்கொண்டு ஆள் வைத்துச் செய்யும் வேலைக்கு இயந்திரத்தைவிடக் கூலி அதிகம். ஆனால், அந்தக் கூலி நம் ஊர்க்காரர் கைக்குப் போகிறது. லாரிக்கு மரத்தில் பாடி கட்டிப் பெயரெடுத்த தச்சர்கள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இருக்கிறார்கள். அந்தத் தொழில் இரும்புக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மரத்தின் நாடி தெரிந்த அவர்களைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார்? கூலிக்கு எதிரே, முழு நீளத்தில் இறங்கிய கட்டைக்கும் முறிந்த கட்டைக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் இல்லாத கட்டடத்தில் கணக்கு நட்டத்தில் முடியலாம். அங்கே பிரிக்க வேண்டாம் என்று முடிவெடுக்கத்தான் முன்கூட்டிய பரிசோதனை.

முழு மரம் வெளியே வந்தால் திருட்டு வரும், வேண்டியவர்களுக்கு மலிவாகப் போகும் என்ற அச்சமும் பேசப்படுகிறது. இன்றைய முறையில் திருட்டு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? எண்ணாத பொருள் காணாமல் போனதாகக் கணக்கில் வராது, அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டையிலும் எண் எழுதி, நீள அகலம் குறித்து, படம் எடுத்து வைத்துவிட்டால் அதைத் தூக்குவது கடினம்.

இரண்டு எச்சரிக்கைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகளில் பலவற்றுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு. அந்தக் கட்டையை வீட்டுக் கதவாக்குவதோ, அடுப்பில் வைப்பதோ, குழந்தைகள் உட்காரும் பெஞ்சாக்குவதோ கூடாது. கட்டட மரத்தையும் சிலிப்பர் கட்டையையும் ஒரே அடுக்கில் போட்டு விற்பது ஆபத்து. அடுத்தது வண்ணப்பூச்சு. வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பல அடுக்குப் பூச்சுள்ள கதவையும் சன்னலையும் உலர்ந்தபடி தேய்த்தால் ஈயத்தூசி பறக்கும். ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும், முகக்கவசம் வேண்டும், சுரண்டியதைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கூரைக்குள் மறைந்திருந்த உத்திரங்களில் பூச்சு குறைவு என்பதால் அங்கே இந்தச் சிக்கலும் குறைவு.

இடிப்புக்கு இது சாக்காகிவிடாதா?

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் பழங்கட்டடங்களைக் காக்க நினைப்பவர்களிடமிருந்து வரும். மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியில் காப்பாற்றியிருக்க வேண்டிய கட்டடத்தையே கைவிட்டுவிடுவோம் என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. உத்திரம் தன் சுவரின் மேல் இருக்கும்போதுதான் அதற்கு முழு மதிப்பு. 1856இல் திறந்த ராயபுரம் நிலையம் பாழடைந்து கிடந்து, 2005இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அதே 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில், நம் சேலம் கோட்டத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. பழைய நிலையக் கட்டடத்தைப் பேணும் அனுபவம் அந்தக் கோட்டத்துக்கு உண்டு. அந்த மலைப்பாதையின் குன்னூரில் முடிவது சமவெளியில் ஏன் முடியாது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. எனவே காக்கக் கூடியதைக் காப்பதுதான் முதல் வேலை. ஆனால், எல்லாக் கட்டடமும் நிற்காது. இரட்டைப்பாதைக்கும் நடைமேடைக்கும் குறுக்கே நிற்பவை உண்டு, சாய்ந்துவிட்டவை உண்டு, சாதாரணக் குடியிருப்பு என்பதால் எந்தப் பட்டியலிலும் ஏறாதவை உண்டு. பாரம்பரியம் என்று யாரும் வாதாட வராத இந்தக் கட்டடங்களில்தான் மரம் அதிகம் வீணாகிறது.

ஏற்கெனவே ஒரு சுற்று இழந்துவிட்டோம். 1992இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டத்தில் சேலம்–விருத்தாசலம் உட்படத் தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் ஏறக்குறைய எல்லாமே மாறின. புது நிலையங்கள் எழுந்தன. பழையவற்றில் பல பாழடைந்தும் இடிபட்டும் போயின. அவற்றின் மரம் எவ்வளவு, எங்கே போனது என்று பொதுமக்கள் எடுத்துப் பார்க்கும்படி ஒரு கணக்கு இல்லை.

மாற்று வழிக்கு முன்மாதிரி வெளியிலும் உண்டு, உள்ளேயும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2016இல், 1916ஆம் ஆண்டுவரை கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, பிரித்தே எடுக்க வேண்டும் என்று விதித்தது; பிறகு அந்த வரம்பை 1940 வரை நீட்டித்தது. நம்மிடமோ முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கூட்டி நிறுத்தியது அங்கேதான். காரைக்குடியில் பழைய தூணுக்கும் கதவுக்கும் தனிச் சந்தையே நடக்கிறது. தனியார் வீட்டுத் தேக்குக்குக் கிடைக்கும் மரியாதை பொதுச்சொத்தான தேக்குக்குக் கிடைக்காதது நிர்வாகக் குறை.

செய்யக்கூடியவை

சேலம் கோட்டம் தன் எல்லைக்குள் 1950க்கு முன் கட்டிய எந்தக் கட்டடத்தையும் இடிக்குமுன் மரக்கணக்கு ஒன்று எடுக்க வேண்டும். ரயில்வே பொறியாளர் ஒருவரும் வனத்துறையைச் சேர்ந்தவர் ஒருவரும் அனுபவமுள்ள தச்சர் ஒருவரும் சேர்ந்து ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை இது. எத்தனை கட்டை, என்ன மரம், எவ்வளவு கன அடி, எது தேறும், எது தேறாது என்று எழுதிப் படத்தோடு வெளியிட வேண்டும். கூரை இறக்குவதும் சுவர் இடிப்பதும் ஒப்பந்தத்தில் இரு தனி வேலைகளாக இருக்க வேண்டும். முதல் வேலை முடிந்து, மரம் எண்ணப்பட்டபின்தான் இயந்திரம் உள்ளே வர வேண்டும். முறித்த கட்டைக்கு ஒப்பந்ததாரரின் தொகையில் பிடித்தம் என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி மரம் பிழைத்துவிடும்.

இறங்கிய மரத்துக்கு முதல் உரிமை அந்த நிலையத்துக்கே. புதிய காத்திருப்பு அறைக்கு எஃகு இருக்கைகளோடு நாலு தேக்கு பெஞ்சும் இருக்கட்டும். அடுத்தபடியாக அரசுப் பள்ளி, நூலகம், தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் பிரிவு, கோயில் திருப்பணி ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு விலையில் தரலாம். திருச்செங்கோட்டில் வைகாசித் தேர் ஓடும் ஒவ்வோர் ஆண்டும் தேர் மராமத்துக்கு மரம் தேடும் பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். தேரின் அச்சுக்கும் அடிப்பாரத்துக்கும் இந்த உத்திரங்கள் பற்றாது. மேல்நிலைச் சட்டங்களுக்கும் பலகைகளுக்கும் தாராளமாக ஆகும். மீதியை ஏலத்துக்கு விடும்போது லாரி லாரியாகக் கட்டாமல், பத்து இருபது கன அடி கொண்ட சிறு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். பெரிய அடுக்கைப் பெரிய வியாபாரி மட்டுமே எடுக்க முடியும். சிறு அடுக்கை நிலை, சன்னல் செய்யும் தச்சர் எடுப்பார். சிலிப்பர் கட்டை தனியாக, அதன் ஆபத்தை எழுதி ஒட்டி, வேலிக்கும் சரிவுத் தடுப்புக்கும் மட்டும் என்ற நிபந்தனையோடு போக வேண்டும்.

ரயில்வே எப்போது செய்யும் என்று நம் நகராட்சி காத்திருக்க வேண்டாம். தன் பழைய கட்டடங்களிலும், தான் இடிப்பு அனுமதி கொடுக்கும் ஓட்டு வீடுகளிலும் இதே மரக்கணக்கைக் கேட்டு வாங்கலாம். மனுவில் ஒரு பக்கம் கூடும்.

சோதனைக்கு, சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே அடுத்து இடிக்கக் குறித்திருக்கும் பழைய கட்டடம் ஒன்று போதும். முடிந்தபின் அதன் கணக்கை நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்: எத்தனை உத்திரம் இருந்தது, எத்தனை முழுதாக இறங்கியது, எத்தனை முறிந்தது, கன அடி என்ன விலைக்குப் போனது, கூடுதல் கூலி எவ்வளவு, பணி எத்தனை நாள் தள்ளிப்போனது. அந்த எண்கள் கையில் இருந்தால், அதற்கடுத்த ஒப்பந்தப்புள்ளியில் இதை நிரந்தர நிபந்தனையாக்குவதா என்பதைக் கோட்ட மேலாளரே முடிவு செய்துவிடலாம்.